முளைத்த இரண்டு விரல்கள்

சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த மாதேஸ்வரி, தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வலது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்து ஆறு வருஷமாகிறது. கை உள்ளே சிக்காமலிருக்க, இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். வேகமாக ஓட்டலாமே என்று ஒரு பட்டனை அமுங்கினபடியே துணியால் கட்டி வைத்தவள் அவளேதான். இப்போது அதே மெஷினில், இரண்டு பிள்ளைகளின் தகப்பனான மணிவேல் அதே மாதிரி கட்டி வைத்து ஓட்டுகிறான். சொன்னால், "எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா, நீ போ" என்கிறான். பிரஸ் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவள் அவன் விரல்களை எண்ணிப் பார்ப்பாள்.

கம்பெனியின் பாதுகாப்பு வாரத்துக்கு ஏஐயில் அனிமேஷன் குறும்படம் செய்து தரலாம், நல்ல படத்துக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். ரத்தம் காட்டக்கூடாதாம், குறியீடாக இருக்க வேண்டுமாம்.

"குறியீடுன்னா என்னாம்மா?" என்று ஆபீஸ் ரஞ்சிதாவைக் கேட்டாள்.

"சொல்லாம சொல்றதுக்கா."

சொல்லியே கேட்காதவனுக்குச் சொல்லாமல் எப்படிச் சொல்வது? அவளுக்குத் தலை சுற்றியது.

மத்திகிரி வாடகை வீட்டில் உட்கார்ந்து, மூன்று கிளை உள்ள மரமாக ஒரு கை வேண்டும் என்று போனில் ஏஐயிடம் கேட்டாள். ஐந்து கிளை வந்தது. திரும்பக் கேட்டால் ஆறு. வெறுத்துப்போய்த் தன் கையையே படம் பிடித்துக் கொடுத்தாள். மரமாக மாறிய கை அசைந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டு கிளைகள் மெல்ல முளைத்துத் துளிர்விட்டன. பாழாய்ப்போன ஏஐயை யார் இதைச் செய்யச் சொன்னது? கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் பத்துத் தடவை பார்த்தாள். அழுகைதான் வந்தது.

மறுநாள் ரஞ்சிதாவிடம் போனை நீட்டினாள். "இத கடைசிலருந்து மொதலுக்கு ஓட்ட முடியுமாம்மா?"

முடிந்தது.

கேண்டீனில் திரையிட்டார்கள். ஐந்து கிளை மரம் பச்சையாக நின்றது. துளிர்கள் சுருங்கின. இரண்டு கிளைகள் தேய்ந்து மறைந்தன. யாரும் கைதட்டவில்லை. பிடிக்கவில்லையா, புரியவில்லையா? பரிசு ஏதோ பட்டாம்பூச்சிப் படத்துக்குப் போனது. நமக்கு எதற்கு இந்த வேலை என்று நொந்துகொண்டே ஷிஃப்டுக்குத் திரும்பினாள்.

மணிவேல் மெஷினை நிறுத்திவிட்டு, பட்டனில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா." அவன் நிமிரவில்லை. எண்ணெய் ஊறிய முடிச்சு இறுகிப்போயிருந்தது. எவ்வளவு இழுத்தும் அது அவிழவில்லை.

மாதேஸ்வரி தன் மூன்று விரல்களால் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள்.