இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் வீடு

திஹோமிர் வேலையில் இருந்த காலம் முழுக்க சொம்போரிலிருந்து நோவி சாத் போகும் பஸ்ஸை ஓட்டினார். நடுவழியில் வண்டி நின்றுபோய் அவர் பயணிகளை இறக்கி நடக்கவிட்டதாக வரலாறு கிடையாது. பெல்ட் அறுந்தால் கிடைத்ததை வைத்துக் கட்டுவார். ரேடியேட்டர் கொதித்தால் பீட்ரூட் வயலோரத்து வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றுவார். இடுப்பு எலும்பு தேய்ந்து வேலையை விட்டபோது கிளை மேலாளர் சொன்ன பாராட்டும் அதுதான். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கடைசியில் மண்டியிட வைத்தது, மகன் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய டெஸ்க்டாப்.

மகன் லாசர் வெளிநாட்டில், டார்ட்முண்டில், ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறான். போனில் அப்பாவும் பிள்ளையும் பேசுகிற அழகைக் கேட்க வேண்டுமே. "எப்படி இருக்க?" "இருக்கேன்." "அங்க மழையா?" "மழைதான்." அதோடு சரி, இரண்டு பக்கமும் தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்துவிடுவார்கள். திஹோமிருக்கு மகன்மேல் உயிர். ஆனால் அதை வைத்துக்கொண்டு போனில் என்ன பேசுவது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் கதை வேறு. சாப்பாடு முடிந்ததும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவார். அங்கே லாசரும் அவன் நண்பர்கள் இரண்டு பேரும். ஆன்லைன் விளையாட்டில் நாலு பேரும் ஆளுக்கொரு டாங்கியை ஓட்டிக்கொண்டு யாரோ ஊர்பேர் தெரியாதவர்களைச் சுட்டுத்தள்ளுவார்கள். அப்போது பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

"அப்பா, இடது பக்கம்! இடது பக்கம் வர்றான்! ஐயோ, ஏன் நின்னுட்டீங்க?"

"பாதையில ஏதோ இருந்துதுடா!"

"டிரைவரே, இது பஸ் இல்ல! ஸ்டாப்புல நிறுத்தி ஆள் ஏத்தாதீங்க!"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெற்ற பிள்ளை இப்படி வாயாரத் திட்டுவதைக் கேட்க அவர் வாரம் முழுக்கக் காத்திருந்தார் என்றால் சிலருக்குப் புரியாது. அவர் மனைவி விதோசவாவுக்கு நன்றாகவே புரியும். ஞாயிறு மதியம் அவள் பாத்திரம்கூடச் சத்தமில்லாமல்தான் கழுவுவாள்.

இந்த வசந்த காலத்தில் டெஸ்க்டாப் ஹேங் ஆக ஆரம்பித்தது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது படம் அப்படியே நின்றுவிடும், மவுஸ் அசையாது, ஹெட்போனில் ஈ மொய்ப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டுத் திரும்பி வருவதற்குள் அவருடைய டாங்கி எரிந்து போயிருக்கும்.

"இப்படியே போனா கஷ்டம்பா," என்றான் லாசர் ஒரு நாள். "நாலு பேர்னு போய் மூணு பேரா சாகறோம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். திஹோமிர் ஹெட்போனைக் கழற்றியதுமே ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

அவர் பஸ்ஸைப் பார்ப்பது போலவே இதையும் பார்த்தார். பக்கத் தகட்டைக் கழற்றி வாக்குவம் கிளீனரால் தூசியை உறிஞ்சினார். பிராசசரின் மேல் காய்ந்து கிடந்த, சூட்டை இழுக்கும் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினார். சூடுதான் காரணமோ என்று டேபிள் ஃபேனைத் தன் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுவந்து, திறந்து கிடந்த பெட்டியின் வயிற்றுக்கு நேராக வைத்தார்.

"அந்தக் காத்து உன் முதுகுல அடிக்குது, திஹா," என்றாள் விதோசவா. "கழுத்து பிடிச்சுக்கிட்டா நான்தான் தேய்ச்சு விடணும். ஜன்னலும் தொறந்து கிடக்கு, கதவும் தொறந்து கிடக்கு. சாகறதுக்கா உக்காந்திருக்க?" குறுக்குக் காற்று பட்டால் ஆள் படுத்துவிடுவான் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"காத்து அடிச்சு யாரும் சாகல."

"எங்க மாமா செத்தார்."

"உங்க மாமா பிளம் சாராயம் குடிச்சு செத்தார்."

ஃபேனும் உதவவில்லை. கடைசியில் அவர் இணையத்தில் ஒரு மன்றத்தில் போய்க் கேட்டார். ஒருவன் தீர்ப்பே எழுதிவிட்டான்: பயாஸை அப்டேட் செய், எல்லாம் சரியாகிவிடும். கணினி கண் விழித்ததும் தான் யார், கை எது, கால் எது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல்தான் பயாஸ். அதற்குக் கீழேயே இன்னொருவன், 'ஹேங் ஆகிற மெஷின்ல பயாஸைத் தொடாதே கிழவா, பாதியில ஹேங் ஆனா அப்புறம் அது எதுக்கும் உதவாத செங்கல்லுதான்' என்று எழுதியிருந்தான். கிழவா என்றதால் திஹோமிர் அவனை மதிக்கவில்லை. மரியாதையாக எழுதியவன் பேச்சைக் கேட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் வேலையை ஆரம்பித்தார். பென்டிரைவில் கோப்பை இறக்கி, செருகி, சொன்ன பட்டனை அழுத்தினார். நீலத் திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில், முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தாதே என்று எச்சரிக்கை. கோடு மூன்றில் ஒரு பங்கு வந்தது. அங்கேயே நின்றது.

அவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த சின்ன வட்டமும் நின்றுபோயிருந்தது. அந்த நிலை அவருக்கு நன்றாகப் பழக்கம். இத்தனை ஞாயிறுகளாகப் பார்த்து நொந்ததுதான். யோசிக்கிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொடப் பயமாக இருந்தது, பார்க்கவும் பயமாக இருந்தது. சிகரெட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் வானம் கறுத்துக் கிடந்தது. இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் முதல் இடி விழுந்தது.

அந்த வீட்டில் இடி இடித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாததா? அபாதின் ஊரில் விதோசவாவின் அக்கா வீட்டு டிவி ஒரு தடவை மின்னலில் கருகிப்போனதிலிருந்து அவளுக்கு அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. வீட்டுக் கவுனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அறை அறையாக ஓடுவாள். டிவி, ரவுட்டர், பிரிட்ஜ், எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப் போட்ட பிறகுதான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உட்காருவாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான்.

"பிடுங்கிட்டேன் திஹா, பயப்படாத!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "உன் கம்ப்யூட்டரையும்தான்!"

அவர் உள்ளே வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது, கையில் பிளக்கோடு மனைவி பெருமையாக நின்றாள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணின!" என்று கத்தினார். "நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா? கொன்னுட்ட, கொன்னுட்ட!"

விதோசவாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிளக்கைத் திரும்பச் செருகப் போனாள், அவசரத்தில் ஓட்டை அகப்படவில்லை. கோடு ஏற்கெனவே நின்றுபோயிருந்ததை அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பொத்தான் மாதிரி இருக்கும் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து மாட்டினார். போர்டின் மேலிருந்த இரண்டு உலோக முள்ளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டார். மெமரித் தகட்டின் முனையை ரப்பரால் தேய்த்தார். மீட்புக்கென்று சொன்ன கோப்பைப் பென்டிரைவில் போட்டு ஏதேதோ பட்டனை அழுத்திக்கொண்டே போட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் அசைந்துகொடுக்கவில்லை. ஞாயிறு வந்தது. 'இந்த வாரம் முடியலடா' என்று மகனுக்குச் செய்தி அனுப்பினார். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஷாண்டோரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனார். ஷாண்டோர் ஹங்கேரியக்காரர், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டேதான் எதையும் பிரிப்பார்.

"ஏன் மாஸ்டரே, மூச்சு திணறிக்கிட்டு கிடக்கிறவனுக்கு யாராவது மூளையில ஆபரேஷன் பண்ணுவாங்களா?" என்றார் அவர். டார்ச்சை அடித்து மதர்போர்டைக் காட்டினார். "இந்தக் கெப்பாசிட்டரப் பாருங்க, தலை வீங்கியிருக்கு. பக்கத்துல இருக்கறது ஒழுகியே போச்சு. ஹேங் ஆனது இதனாலதான். பயாஸ் பாவம், அது ஒண்ணும் பண்ணல."

"அப்ப அப்டேட்டே தேவையில்லையா?"

"தேவையே இல்ல."

சிப்பில் கிளிப்பைக் கவ்வவிட்டு ஷாண்டோர் பயாஸைத் திரும்ப எழுதிப் பார்த்தார். கெப்பாசிட்டர்களை மாற்றிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துக் கையை விரித்துவிட்டார். "பயாஸ் ஏறுது, போர்டு எழுந்திரிக்க மாட்டேங்குது. வேற எங்கயோ உள்ளயும் போயிருக்கு. இந்த போர்டு இப்ப எவன்கிட்டயும் கிடைக்காது."

"என் பொண்டாட்டி பிளக்கப் பிடுங்கினதாலயா?"

"எதனால செத்துதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அங்க இருந்தது நீங்கதானே."

திஹோமிர் பெட்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே மேசையில் வைத்து, எல்லா வயரையும் மாட்டினார். காலையில் எழுந்ததும் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்ப்பார். விதோசவா அந்த வாரம் முழுக்கக் குற்றவாளியாகவே நடமாடினாள். அவருக்குப் பிடித்த கசகசா ரொட்டி சுட்டாள். அவர் கேட்காமலே காப்பி வைத்தாள். அந்தப் பெட்டியின் தலையில் தன் நல்ல பின்னல் துணியை விரித்துவைத்தாள். அவர் ரொட்டியைத் தின்றார், காப்பியைக் குடித்தார், மூச்சு விடவில்லை. அந்த வாரத்தை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே அவர்மேல் ஆத்திரமாக வருகிறது.

அடுத்த ஞாயிறு மதியம் அவரே போன் செய்தார்.

"கம்ப்யூட்டர் போயிடுச்சுடா. ஷாண்டோரும் முடியாதுன்னுட்டான். அடுத்த மாசம் புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கறேன். நல்லதா எதுன்னு நீ சொல்லு."

"அய்யோ, வேணாம்பா. எதுக்கு வீண் செலவு? விடுங்க."

"ஞாயித்துக்கிழமை…"

"பரவால்லப்பா. போன்ல பேசிக்கலாம்ல."

"ம். பேசிக்கலாம்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "அங்க மழையா?"

"இல்ல, வெயில்."

"இந்தா, அம்மாகிட்ட பேசு," என்று போனைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். விதோசவா போனைக் காதில் வைக்க மாட்டாள். தட்டை ஏந்துவது போல முன்னால் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"லாசா, அப்பா மேல ஒண்ணும் கோவிச்சுக்காத. நான்தான்டா பிளக்கப் பிடுங்கினேன். இடி இடிச்சுது, யோசிக்கவே இல்ல. என்னாலதான் எல்லாம்." சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அழாத. உண்மைய சொல்லட்டுமா? நீ பிடுங்கினது நல்லதாப் போச்சு. நாங்க அந்த கேம விட்டே ரொம்ப நாள் ஆச்சு. பசங்களுக்கு பீர் வாங்கிக் குடுத்து, கெஞ்சி, அப்பாவுக்காக உக்கார வெச்சிக்கிட்டிருந்தேன். வாரத்துல எனக்கும் அந்த ஒரு நாள்தானே தூக்கம். பாவம், அவர்கிட்ட சொல்லிடாத."

"சொல்லமாட்டேன்," என்றாள் விதோசவா. சமையலறைக் கதவு திறந்தே இருந்தது.

அவள் உள்ளே வந்தபோது அவர் மேசையருகே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டியா?"

"கேக்கல," என்றார். பிறகு, "விதா, நீ பிடுங்கறதுக்கு முன்னாடியே அது செத்துப் போச்சு. கோடு நின்னுட்டுது. நான் பாத்துட்டுதான் வெளியில போனேன்."

விதோசவா அவரையே பார்த்தாள். "ஒரு வாரமா நான் தூங்கல, திஹா. ஏன் சொல்லல?"

"உன்னாலன்னா ஒரு நாள் உன்ன மன்னிச்சிடலாம், அதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். யாராலயும் இல்லன்னா நான் என்ன பண்றது?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே, கிடங்குகளின் பக்கம், வானம் உறும ஆரம்பித்தது. பழக்க தோஷத்தில் பாதி எழுந்தவள், மறுபடி உட்கார்ந்து கையை மடியில் புதைத்துக்கொண்டாள்.

"போ, பிடுங்கு," என்றார் திஹோமிர். "டிவியாவது மிஞ்சட்டும்."

அவள் கவுனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து டிவி, ரவுட்டர், பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பின்னல் துணி போட்ட பெட்டியின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, குனிந்து, அந்தப் பிளக்கைத் தானே பிடுங்கினார். மழை விட்டதும் விதோசவா டிவி, ரவுட்டர், பிரிட்ஜ் எல்லாவற்றையும் திரும்பச் செருகினாள். அந்தப் பெட்டியை மட்டும் செருகவில்லை. அவரும் கேட்கவில்லை.