நாம் என்று எழுதியவன்

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறினபின் எழுதுங்கள் என்று மனைவி சொன்னாள். ஆறினால் எழுதமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

ஒஸ்லோவில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிக்கிற வேலை எனக்கு. வீடுகளில் கண்டதையும் கேட்டதையும் வெளியில் கதைக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்துத்தான் சேர்ந்தேன். அதனால் இதில் ஒருவருடைய பெயரும் இல்லை. நான் பராமரிக்கிற ஒரு ரஷ்யரிடம் மட்டும் எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமாய் எழுதும். என்ரை பேரைத்தான் எல்லாரும் மறந்திட்டினமே" என்றார். அனுமதி தரும்போதுகூட ஒரு குத்தல்.

அவர் கவிஞர். எழுபது தாண்டியவர். தன் நாடு போரைத் தொடங்கிய வருடம் ஒரு பெட்டியோடு புறப்பட்டு, மகள் இங்கே இருப்பதால் இங்கே வந்தவர். ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் என் வீட்டிலிருந்து இரண்டு கட்டிடம் தள்ளி இருக்கிறார். கால்கள் வீங்குகிற வருத்தம். காலை எழுந்ததும் முழங்கால் வரைக்கும் இறுக்கமான காலுறை போடவேண்டும், அவரால் குனிய முடியாது. என் பட்டியலில் அவருக்குப் பத்து நிமிடம். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நிலத்தில் முழங்காலில் இருந்து அந்தக் காலுறையை இழுத்து ஏற்றுவேன். அவர் மேலே இருந்து திட்டுவார். என்னை அல்ல. உலகத்தை.

எங்களுக்குள் ஒழுங்கான பொதுமொழி கிடையாது. அவருடைய நோர்வேஜிய மொழி நொண்டும். என் ரஷ்யமொழி, நாட்டின் வடகோடியில் முன்பு நான் வேலை செய்த பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில், ரஷ்ய எல்லை திறந்தபின் வேலைக்கு வந்த ரஷ்யப் பெண்களிடம் பொறுக்கியது. அதில் பாதி வசவு. கவிஞரோடு கதைக்க அதுவே போதுமாக இருந்தது. இந்த நாட்டில் மருத்துவருக்கும் மந்திரிக்கும் 'டூ' என்ற ஒரே சொல்தான். அவர் என்னை 'டூ' என்று கூப்பிடும்போது எனக்கு அது யாழ்ப்பாணத்து 'நீர்' என்றே காதில் விழும். நீ என்றால் மரியாதை குறைவு, நீங்கள் என்றால் தூரம். ஆகவே அவருடைய பேச்சை என் தமிழிலேயே போடுகிறேன்.

இளவயதில் அவர் லிஃப்ட் திருத்துகிற தொழிலாளி. பகலில் லிஃப்ட், மிச்ச நேரத்தில் கவிதை. கவிதைகளை ஒரு பத்திரிகையும் போடவில்லை. ஒரு நண்பர் கிட்டார் வாசித்து அவற்றைப் பாடினார். மேடை கிடைக்காததால் வீடுகளில் கச்சேரி வைத்தார்கள். ஒரு நாள் ஒன்பதாம் மாடியில் பாடிக்கொண்டிருந்தபோது அயலவர் முறைப்பாடு செய்து பொலிஸ் வந்தது. இவர் லிஃப்டை நிறுத்திவிட்டார். பொலிஸ்காரர் ஒன்பது மாடியும் ஏறி மூச்சு வாங்கி வந்து சேரும்வரை உள்ளே இருந்த ஏழு பேரும் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஏழு பேரைப் பற்றித்தான் பிறகு ஒரு பாட்டு எழுதினார். 'நாங்கள் இறங்கமாட்டோம்' என்பது அதன் பல்லவி. ஒலிநாடாவில் நாடு முழுக்கப் போனது. பாடியவர் பெரிய ஆளானார். எழுதியவர் லிஃப்ட் திருத்தினார்.

இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபம் வந்தது வேறொன்றில்.

போன மாரியில் ஒரு காலை நான் போனபோது கைபேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். பெரிய மேடை, கொடிகள், முன்வரிசையில் சீருடைகள். அந்தப் பழைய நண்பர், இப்போது தொந்தியோடு, அதே பாட்டைப் பாடுகிறார். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். நாங்கள் இறங்கமாட்டோம், நாங்கள் இறங்கமாட்டோம்.

"ஏழு பேர்" என்றார். "ஏழே ஏழு பேருக்கு எழுதினது. பொலிஸ் ஏறி வந்தது எங்களைப் பிடிக்க. இப்ப அந்தப் பொலிசே பாடுது."

பாட்டைப் பாடவேண்டாம், என் வரிகளை விட்டுவிடு என்று நண்பருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் பதில் வந்தது. 'பாட்டு இப்போது நம் எல்லாருடையதும்.' கூடவே ஒரு சிவப்பு இதயப் படம். அந்த இதயத்தைப் பார்க்க எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஆறுதலாக ஏதாவது சொல்வோம் என்று, தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது என்றேன். கேட்பவரை வெளியே விட்டால் நாங்கள். அவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். உங்கள் பாட்டைத் தமிழில் எழுதினால் 'நாங்கள்' என்றுதான் வரும், பொலிஸ் அதற்குள் நுழைய முடியாது.

அவர் எழும்பி நிற்கப் பார்த்தார். ஒரு காலில் காலுறை பாதியில் நின்றது. "அப்பிடி ஒரு சொல் என்ரை மொழியிலை இருந்திருந்தால் ஒருத்தனும் களவெடுத்திருக்கேலாது. நீங்கள் குடுத்துவைச்சனீங்கள்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. அந்தக் காலை அப்படியே விட்டுவிட்டுக் கத்தினேன். கொடுத்துவைத்தவர்களா? என்ன கொடுத்துவைத்தோம்? இரண்டு சொல் இருந்தும், பொய்யான சொல்லைத் தேடி எடுத்து எழுதியவன் உமக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறேன் என்றேன்.

அன்று பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. அதுவரை ஒருவருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன்.

பாட்ஸ்பியோர்டில் நான் மீன் வெட்டிய காலத்தில் ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலையின் மீன்பெட்டி மட்டையில் ஒரு பாட்டு எழுதினேன். 'நாம் போவோம், கடல் தாண்டி நாம் போவோம்' என்று தொடங்கும். எங்கள் ஊர்ப் பேச்சில் நாம் என்ற சொல்லே கிடையாது. வீட்டில் ஒருவரும் 'நாம் சாப்பிடுவோம்' என்று சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். மேடைக்கென்று எழுதினால்தான் நாம் வரும். எனக்கும் வந்தது. பக்கத்து மேசையில் மீன் வெட்டியவன் நல்ல பாட்டுக்காரன். அவன்தான் மெட்டுப் போட்டான். விடுதி அறையில் பாடி ஒலிநாடாவில் பதிந்து ஒஸ்லோவுக்கு அனுப்பினோம். இங்கே மண்டபங்களில் பாடத் தொடங்கினார்கள்.

அந்தப் பாட்டைக் கேட்டு எழும்பி நின்று கைதட்டியவர்கள் பலர். எனக்குத் தெரிந்து, ஊருக்குச் சண்டைக்குப் போனவன் அந்த மெட்டுப் போட்டவன் ஒருவன்தான். விமானத்துக்கு முதல் நாள் கேட்டான்: "நீர் எப்ப வாறீர்?"

"பின்னாலை வாறன்" என்றேன்.

ஒரு கடிதம் வந்தது. அதில் மெட்டில் ஒரு இடத்தைத் திருத்தியிருப்பதாக எழுதியிருந்தான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவனும் வரவில்லை. நான் ஒஸ்லோவுக்கு மாறி, கலியாணம் முடித்து, வீடு வாங்கி, பென்ஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டு மட்டும் வருடா வருடம் சண்டையில் இறந்தவர்களுக்காக மண்டபத்தில் நடக்கும் நினைவு நிகழ்ச்சியில் போகிறது. எழுதியது ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாகவும் இருந்தது. இதுதான் உண்மை.

கவிஞர் ரஷ்யமொழியில் ஒரு வசவு சொன்னார். அது எனக்குத் தெரிந்த வசவுதான். எனக்கு நியாயமாகவே பட்டது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் போன கிழமை, நான் கையுறையோடு அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது என் கைபேசி அடித்தது. அவரே எட்டி அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார். நினைவு நிகழ்ச்சியை நடத்துகிற தம்பி. நல்ல பிள்ளை என்று சொல்லவேண்டும், எனக்குத்தான் அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

"அண்ணை, அந்தப் பாட்டு உங்கடை எண்டு, பாட்ஸ்பியோர்டிலை உங்களோடை நிண்ட ஒராள் சொல்லி இப்பதான் கேள்விப்பட்டனாங்கள். இந்தமுறை மேடையிலை கூப்பிட்டுப் பொன்னாடை போர்க்கப் போறம்."

"வேண்டாம். பாட்டையும் பாடாதேங்கோ."

"அதெப்பிடி அண்ணை? பாட்டு இப்ப எங்கடை எல்லாருடையதும்."

நான் கவிஞரைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரலில் இருந்த இனிப்பு அவருக்குத் தெரிந்தது. முகம் அப்படியே சொன்னது. எனக்குத் தலைக்கு ஏறியது.

"சரி, பாடுங்கோ. நான் மேடைக்கும் வாறன். ஒரு சொல்லை மட்டும் மாத்தவேணும். 'நாம்' வாற இடமெல்லாம் 'நீர்'."

"விளங்கேல்லை அண்ணை."

"நாம் போவோம் இல்லை. நீர் போவீர்."

"சந்தம் உடையும் அண்ணை."

"உடையாது. பாடிப்பாரும்."

அவன் பாடத் தெரிந்தவன். மெல்லமாக, என்னைச் சமாளித்து அனுப்பிவிடலாம் என்ற நினைப்பில் தொடங்கினான். "நீர் போவீர், கடல் தாண்டி நீர் போவீர்..." மெட்டு ஓர் இடத்திலும் இடறவில்லை. என் சிநேகிதன் போட்ட மெட்டு. கடிதத்தில் திருத்தினேன் என்று எழுதினானே, அந்த இடத்திலும் அழகாகப் பொருந்தியது. இரண்டாவது வரியில் தம்பியின் குரல் நின்றுபோனது.

"அண்ணை... இதைச் சனத்துக்கு முன்னாலை பாடேலாது."

"ஏன்?"

"ஆரையோ அனுப்பிவிடுற மாதிரிக் கிடக்கு, அண்ணை."

"இவ்வளவு வருசமும் இதைத்தான் பாடினனாங்கள்" என்றேன். அவன் வைத்துவிட்டான்.

கவிஞர் என்ன நடந்தது, என்ன சொல் மாறியது என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அங்கே 'வி', அதாவது நாம், இருந்தது, 'டூ' என்று மாற்றினேன்.

அவர் "டூ எண்டால் ஆர், நானோ?" என்று கேட்டார்.

"இல்லை. பக்கத்து மேசைக்காரன்" என்றேன். அவர் மற்றக் காலை நீட்டினார்.