மருந்து மேடையில் மயில்

ஆமத்தூர்க் கண்மாய்க்குப் பறவை பார்க்க வருகிறவர்களோடு ஞாயிறுதோறும் நானும் ஒட்டிக்கொள்வேன். அவர்களில் மதுரை டீச்சர் ஒருத்தி, ஒரு கொக்குக்காக அரைமணி நேரம் ஆடாமல் நிற்பாள்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டானே தாயி!" என்பேன். சிரிக்கவும் மாட்டாள், கொக்கு பறந்துவிடுமாம்.

அன்று கண்மாயை ஒட்டிய பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு மயில் இறங்கி, வெயிலில் மருந்து காயப்போட்டிருந்த மேடையில் ஏறியது. அந்த மருந்து உரசினாலே பற்றும். தீபாவளி சீசன் என்பதால் ஞாயிறென்றும் பாராமல் பக்கத்து அறையில் பெண்கள் வேலையில் இருந்தார்கள்.

விரட்டுவதற்கு வேலிக்கு வெளியே நின்றபடி கல்லை ஓங்கிவிட்டேன். முப்பது வருடம் பட்டாசு வேலை பார்த்த கைக்கே புத்தி மறந்துவிட்டது!

டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம் பாட்டி. பயந்தா நகத்தால பிறாண்டிக்கிட்டுத்தான் கெளம்பும். அசையாம நில்லுங்க, தானாப் போயிரும்."

நின்றேன். மயில் மருந்தைக் கொத்தியது. ஒருமுறை காலால் கீறியது. உள்ளே ஒருத்தி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

பிறகு மயில் படியிறங்கி, வேலி தாண்டிப் போனது. அதன்பிறகே கல்லைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன்.

இப்போதும் டீச்சரைக் கேலி செய்கிறேன். கொக்கு பறந்த பிறகு.