வரிசையில் நின்று வாசித்த ரிப்போர்ட்

அக்காவின் கழுத்தில் இடப்பக்கம் பயறளவு முடிச்சு ஒன்று இருப்பது உறுதி. திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்த டொக்டரே என்னிடம் சொன்னார். ஊசி ஏற்றி மாதிரி எடுத்திருக்கிறார்கள்.

கேட்டதும், காயாத ஒட்டுப்பசையின் வாசனை மூக்கில் ஏறியது…

எண்பதுகளின் கடைசி. நாட்டில் கிளர்ச்சி, தபால்கூட ஒழுங்காக ஓடாத மாதங்கள். மாத்தளையில் அக்காவின் தைரொயிட் சுரப்பியில் கட்டி இருந்த பாதியை அறுத்தெடுத்து, கண்டிக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எல்கடுவ தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் அது வெறும் கழலை. அறுத்த சேர்ஜனுக்கு மட்டும் சந்தேகம். முடிவை வாங்கிவர நானும் அக்காவின் கணவரும் போனோம்.

"டொக்டர்கிட்ட மட்டும் குடுங்க. பிரிக்கப்படாது" என்று சொல்லித்தான் கண்டி ஆஸ்பத்திரி கிளார்க் உறையை ஒட்டித் தந்தார்.

திரும்பும் வழியில், அலவத்துகொடைக்கு அப்பால் ராணுவச் சாவடியில் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். சிப்பாய் ஒருவர் என் பையிலிருந்த உறையைப் பிரித்தார். உள்ளே ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள், நம்பர்கள். என் பத்திரிகை நிருபர் அட்டையையும் பார்த்தார். முகம் மாறியது. உரக்க வாசி என்றார், சிங்களத்தில்.

"பாப்பிலரி கார்சினோமா…"

மச்சான் என் முழங்கையைப் பிடித்தார். "என்னா மாப்ளே, நம்ம பாப்பா பேரு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அக்காவை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

அது என்ன வருத்தம், என்ன நோய் என்று சிப்பாய் கேட்டார். "பிலிக்கா" என்றேன். புற்றுநோய்க்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அந்த வரிசையில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை.

மச்சானின் கை நழுவியது. சிப்பாய் தாளை மடித்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

மாத்தளையில் சேர்ஜன் அதை இரண்டு தடவை வாசித்தார். தான் எடுக்கும் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் புற்று இருப்பதில்லை, இருந்தால் அதிகமாக இந்த வகைதான், மெதுவாக வளரும், சுகப்படுத்தலாம் என்றார். வேறொரு மோசமான வகையும் உண்டு… அதைப் பற்றி இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். மிச்சப் பாதியையும் எடுக்க வேண்டும்.

கழலை என்றே சொல்லிவிடுவதென்று மலை ஏறும்போது முடிவு செய்தோம்.

வாசலில் அக்கா நின்றிருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா, நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

"வெறும் கழலைதான் பாப்பா…" என்று மச்சான் தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க. ஏன்டா தம்பி, பஸ்ஸு ஆளுகளுக்கெல்லாம் வாசிச்சியாம். எனக்கு வாசிக்க மாட்டியா?"

வாசித்தேன். நின்றபடியே கேட்டார்.

"இதுல செத்துருவேனா?"

"இல்லக்கா. சொகமாக்கலாம்னு சொன்னாரு."

"அப்ப மூஞ்சிய ஏன் இப்பிடி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

இப்போது அந்தச் சாவடி இல்லை. மச்சானும் இல்லை. ரிப்போர்ட் போனுக்கே வருகிறது. யாருடைய நம்பருக்கு அனுப்புவது என்று திங்கட்கிழமை நர்ஸ் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் அக்கா தன் நம்பரைச் சொல்லிவிட்டார்.

பழைய நோய் திரும்பிவிட்டதா என்பது இன்னும் தெரியாது. வியாழன் பின்னேரம் ரிப்போர்ட் வந்ததும் அவருக்குத் தெரியும். எனக்கு, அவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு.