காலுறைக்குள் வைத்த பொடி

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். நம் வீட்டில் இப்போது ‘பொடி கேஸ்’ என்றாலே சிரிப்பு. சாப்பிடும்போது நான் பொடி டப்பாவைத் திறந்தால் சின்னவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலை பதினோரு மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரைக்கும் நம் மாவு மில்லில் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நான் பத்தாவதோடு நின்றவன், எழுதினால் ஒழுங்காக வருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

பெரியவளே, உன் பள்ளியில் அறிவியல் கண்காட்சியில் ஜெயித்த பன்னிரண்டு பேரை ஆறு நாள் அபுதாபிக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் முன்னால் படித்த ஒருவர் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். நம் குடும்பத்தில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. பாலைவனம் என்றால் எனக்குத் தெரிந்தது மணலும் வெயிலும்தான். உனக்கோ கொஞ்சம் சூடு ஏறினாலும் வாய்ப்புண் வந்துவிடும். சின்ன வயதில் தேங்காயும் கசகசாவும் அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தால்தான் உனக்கு ஆறும். ஊரெல்லாம் நீ பார்க்கப்போகும் ஒட்டகத்தைப் பற்றிப் பேசியது. நான் உன் வாயைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில், உங்களைக் கூட்டிப்போகும் மிஸ் தெளிவாகச் சொன்னார். பிள்ளைகளின் பையைப் பிள்ளைகளே கட்ட வேண்டும், அவர்களுக்குத் தெரியாமல் ஒரு குண்டூசிகூட வைக்காதீர்கள் என்றார். முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்.

வீட்டுக்கு வந்து பொடி வறுத்தேன். துவரம்பருப்பு, பூண்டு, மிளகாய், அதோடு வழக்கத்தைவிட இரண்டு பங்கு கசகசா. மில்லில் கொரகொரவென்று அரைத்தெடுத்தேன். நீ வேண்டாம் என்றாய். துணியெல்லாம் பூண்டு வாசனை அடிக்கும், மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள் என்றாய். சரி என்று சொல்லிவிட்டு, நீ குளிக்கப் போன நேரத்தில், பொட்டலத்தை இரண்டு கவரில் சுற்றி, கடைசி நாளுக்கு என்று நீ எடுத்து வைத்திருந்த சாம்பல் நிறக் காலுறைக்குள் திணித்துச் சுருட்டி வைத்தேன். இரண்டாம் நாள் போன் செய்து, ‘அந்த சாக்ஸைப் பிரிச்சுப் பாரு’ என்று சொல்ல வேண்டும் என்பது என் திட்டம். நீ ஆச்சரியப்படுவாய் என்று நினைத்தேன்.

காலையில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று உனக்குக் கையசைத்தேன். பையை நீயேதான் கட்டினாயா என்று உள்ளே கவுண்டரில் கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாய். உனக்குத் தெரிந்தவரையில் அது உண்மை. உன்னை அப்படி ஒரு பதில் சொல்ல வைத்தவன் நான் என்பது எனக்கு அப்போது தெரியாது. விமானம் ஒன்பதரைக்குக் கிளம்பியது. நான் மாடம்பாக்கம் வந்து மில்லைத் திறந்தேன்.

பதினோரு மணி வாக்கில் அஸ்தினாபுரத்து அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் அபுதாபியில்தான் டெலிவரி வண்டி ஓட்டுகிறார். மாதம் ஒரு முறை அக்கா வறுத்த மிளகாயும் மல்லியும் பக்கெட்டில் கொண்டுவருவார், அரைத்துக் கணவருக்கு அனுப்ப. ஆறு வருடமாக அவர் சொல்வது ஒன்றேதான்: “இதுல கசகசா இல்லண்ணா. வேற யாருதும் கலந்துடாம அரைச்சுக் குடுங்க.” நானும் ஆறு வருடமாக “சரிக்கா” என்று சொல்லி வந்தேன். அன்றைக்கும் சொன்னார். என் மகளும் இன்று அங்கேதான் போகிறாள் என்கிற பெருமையில், பேச்சை வளர்ப்பதற்காகக் கேட்டேன்.

“ஏன்கா, பாய்க்குக் கசகசா புடிக்காதா?”

“புடிக்காம என்னண்ணா. அங்க அது போதைப் பொருள் கணக்குல வரும். கையில வெச்சிருந்தா உள்ள புடிச்சுப் போட்டுடுவாங்க.”

நான் மெஷினை நிறுத்தினேன். பெல்ட் சுற்றி ஓய்வதற்குள் போனை எடுத்துவிட்டேன். பையில் இருந்தது போதாது என்று அதைக் காலுறைக்குள் ஒளித்தும் வைத்திருந்தேன். மணல் மாதிரி நொறுநொறுவென்று கசகசா தெரியும் பொடி, இரண்டு கவர், ஒரு முடிச்சு. வேண்டுமென்று கடத்துகிறவன்கூட இதைவிட நன்றாக மறைக்க மாட்டான். அதற்குப் பதில் சொல்லப் போகிறவளுக்கு வயது பதினான்கு, அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

மிஸ்ஸுக்குப் போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். கூடப் போன பி.டி. சாருக்கும் அதே. பள்ளி அலுவலகத்தில், அவசரத்துக்கு ஒரு நம்பர் தருகிறோம் என்று சொல்லி மிஸ்ஸின் நம்பரையே தந்தார்கள். அபுதாபியில் பெயர்ப்பலகை பிடித்துக்கொண்டு ஒரு ஏஜென்ட் நிற்பாராம். ஆனால் அவர் நிற்பது சோதனை முடிந்து வெளியே வரும் இடத்தில். அதற்கு முன்னால் நீ பையோடு ஸ்கேன் மெஷினைத் தாண்ட வேண்டும். இறங்கியதும் விமான நிலைய வைஃபையில் மெசேஜ் போடுகிறேன் என்று மிஸ் சொல்லியிருந்தார். எனக்கு இருந்தது அந்த ஒரு சந்துதான். இறங்கும் நேரத்துக்கும் சோதனைக்கும் நடுவில் அவர் போனைப் பார்க்க வேண்டும்.

அக்கா கேள்வி கேட்கவில்லை. தன் போனில் கணவரைப் பிடித்து என் கையில் கொடுத்தார். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். எவ்வளவு பொடி, யார் பை என்று கேட்டார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். சாக்ஸில் என்றேன். “சாக்ஸ்லயா?” என்று திரும்பக் கேட்டார்.

பிறகு, “அண்ணே, பயந்துபோய் குப்பைத்தொட்டில போடச் சொல்லிடாதீங்க. மேல கேமரா இருக்கு, அது இன்னும் பேஜார். பை வந்ததும் நேரா ஆபீசர்கிட்ட போய், இது இருக்கு, தெரியாம வந்துடுச்சுன்னு கையில குடுத்துடணும். நாம குடுத்தா ஒண்ணு, அவங்க எடுத்தா வேற,” என்றார்.

இதை மிஸ்ஸுக்குக் குரல் மெசேஜாக அனுப்ப வேண்டும். மில்லின் பின்பக்கம் தவிட்டு மூட்டைக்கு நடுவில் போய் நின்றேன். பெரியவளே, சின்னவனே, நான் சொல்லாமல் விட்டது இதுதான். முதலில் நான் பேசியது இப்படி: ‘மிஸ், வீட்ல தெரியாம ஒரு பொடி பாக்கெட்டை வெச்சுட்டாங்க.’

வீட்ல என்று நான் யாரைச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அம்மா அந்த நேரத்தில் சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். பொடி விஷயம் அவளுக்குத் தெரியவே தெரியாது. யாரும் என்னை மிரட்டவில்லை. என் வாய் தானாகப் போய் அவள் தலையில் வைத்தது. போட்டுக் கேட்டேன். என் குரல்தான். அழித்தேன். இரண்டாவது முறை, ‘எப்படியோ உள்ள வந்துடுச்சு’ என்றேன். பொடிக்குக் கால் முளைத்த மாதிரி. அதையும் அழித்தேன். இப்படி மழுப்பினால் அந்த ஆபீசர் யாரை நிற்க வைத்துக் கேட்பார்? உன்னைத்தான். மூன்றாவது முறைதான் சரியாகச் சொன்னேன்.

“மிஸ், நான் அவ அப்பா பேசறேன். அவ பையில சாம்பல் கலர் சாக்ஸுக்குள்ள ஒரு பொடிப் பாக்கெட் இருக்கு. அதுல கசகசா இருக்கு, அந்த ஊர்ல அது தப்பு. நான்தான் வெச்சேன். அவளுக்குத் தெரியாது, அவ அம்மாவுக்கும் தெரியாது. பை வந்ததும் நீங்களே ஆபீசர்கிட்ட எடுத்துக் குடுத்துடுங்க. என் பேரைச் சொல்லுங்க, என் நம்பரைக் குடுங்க. நீங்க சொல்லியும் கேக்காம செஞ்சது நான்.”

ஒரு டிக் விழுந்தது. மணி பதினொன்றே முக்கால். விமானம் இறங்க இன்னும் இரண்டு மணி நேரம்.

முன்னால் இட்லிக் கடை ஆயா அரிசியோடு காத்திருந்தது. மெஷினைப் போட்டால் போன் சத்தம் கேட்காது, போடாவிட்டால் ஆயா விடாது. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறுகையால் அரிசியைத் தள்ளினேன். அரைக்கும் தகட்டை இறுக்கமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது, மாவு சுடச்சுட விழுந்தது.

“இன்னா நைனா, மாவு கேட்டா அடுப்புச் சாம்பலாட்டம் சூடா தர்ற? போனையே பாத்துகினு கீற, பொண்ணு எதுனா பேசுதா அதுல?” என்றது ஆயா.

அக்கா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஆயா தன் கூடையைக் கீழே வைத்தது. “பூண்டுப் பொடிதானே. அந்தப் போலீஸ்காரன் ஒரு வாய் துன்னுட்டு, இன்னும் கீதான்னு கேப்பான், பாரு,” என்றது. சொல்லிவிட்டுக் கிளம்பாமல் என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டது. அக்காவும் போகவில்லை. அவர் மிளகாயை நான் இன்னும் தொடவே இல்லை.

பன்னிரண்டரைக்கு உங்கள் அம்மா சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். மெசேஜ் வந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் அவளிடமும் மறைத்துவிட்டது உறைத்தது.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு இரண்டாவது டிக் வந்தது. மிஸ்ஸின் போன் உயிர் பெற்றுவிட்டது. ஆனால் டிக் நீலமாகவில்லை, மெசேஜை அவர் இன்னும் பார்க்கவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார், பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டிருப்பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம். பதினைந்து. பை வந்திருக்கும். நீ அதைத் தூக்கி மெஷினில் வைத்துக்கொண்டிருப்பாய். ஆயா, முகத்தைக் கழுவு என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. வாங்கினேன். அந்த நேரத்தில் டிக் நீலமானது.

அதற்கப்புறமும் இருபது நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மிஸ் கூப்பிட்டார். பொடியைக் கொடுத்துவிட்டோம், ஆபீசர் முன்னால்தான் நிற்கிறோம், அவர் ஒன்று கேட்கிறார் என்று சொல்லி போனை உன்னிடம் கொடுத்தார். நீ அழவில்லை. வங்கியில் பேசுகிறவர்கள் மாதிரி ஒரு குரலில் பேசினாய்.

“அப்பா, எனக்குத் தெரியாம இன்னும் என்ன வெச்சிருக்கீங்க? எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க.”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிளம்புகிற அவசரத்தில், மாடம்பாக்கம் கோயிலில் வாங்கியதை ஒரு தாளில் மடித்து...

“சைடு ஜிப்புல கொஞ்சம் திருநீறு இருக்கும்மா.”

“அதுவும் பொடியா?”

“ஆமா. வெள்ளைப் பொடி.”

லைன் கட்டாகிவிட்டது. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அங்கே நடந்ததை நீ மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னாய். ஆபீசர் கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பிரித்தாராம். இது என்ன என்று கேட்டாராம். உனக்கு ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லையாம். உங்கள் மிஸ், கழுத்தில் சிலுவைச் செயினோடு இருப்பவர், விரலால் கொஞ்சம் தொட்டு உன் நெற்றியில் பூசிக் காட்டினாராம். ஆபீசர் உன்னைப் பார்த்தாராம், மிஸ்ஸைப் பார்த்தாராம், தாளைத் திரும்ப மடித்துக் கொடுத்துவிட்டாராம். பொடியை எடுத்துக்கொண்டு ஒரு தாளில் மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கினாராம். அதுவரைக்கும் மற்ற பதினோரு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது மூன்று மணிக்கு மிஸ்ஸிடமிருந்து வந்த ஒரே வரி: ‘வெளியே வந்துவிட்டோம்.’

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அந்த முதல் மெசேஜைத் தவிர. அதை அவளும் இதில்தான் படிக்கப் போகிறாள்.

ஆறு நாளும் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வந்த படங்களில்தான் உன்னைப் பார்த்தேன். எனக்கு நீ போன் செய்யவில்லை. திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் உன் பையை வாங்கக் கை நீட்டினேன். “நானே எடுத்துக்கறேன், பையைத் தொடாதீங்கப்பா,” என்றாய். கார் நிறுத்தும் இடம் வரைக்கும் நீ இழுத்துக்கொண்டு நடந்தாய், நான் வெறுங்கையோடு பின்னால் வந்தேன். நீ சொன்னது சரிதான்.

அடுத்த மாதம் அஸ்தினாபுரத்து அக்கா ஒரு சாயங்காலம் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். போகும்போது வழக்கம்போல, “வேற யாருதும் கலந்துடாம,” என்றார். “சரிக்கா” என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன். ஆறு வருடமாகச் சரி என்று சொல்லிவிட்டு, யாரோ ஒருவரின் குழம்புத்தூள் இறங்கிய சூட்டோடு அவருடையதையும் கொட்டி அரைத்தவன் நான். அதில் எத்தனை பேர் கசகசா போட்டிருப்பார்கள். அந்தத் தூளைத்தான் ஒரு மனிதர் மாதாமாதம் அந்த ஊரில் கையில் வாங்கியிருக்கிறார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே தனியாகப் போய் மில்லைத் திறந்தேன். மிளகாய் மெஷினின் மூடியைக் கழற்றி, தகட்டை வெளியே எடுத்து, மூலையில் ஒட்டியிருந்ததைப் பிரஷ்ஷால் சுரண்டினேன். உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்தேன். திரும்பப் பூட்டி, வீட்டிலிருந்து கொண்டுபோன பச்சரிசியில் ஒரு படி போட்டு ஓட்டினேன். மாவு சிவப்பாக விழுந்தது. இன்னொரு படி போட்டேன், ரோஸ் நிறத்தில் விழுந்தது. மூன்றாவது படி வெள்ளையாக வந்தது. அந்த மாவையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அக்காவின் மிளகாயை எடுத்துக் கொட்டினேன்.