அக்காவைத் தூங்கவிடாத நாள்

"1528, ஜூன். லண்டனில் வியர்வை நோய். ராஜா அரண்மனையை விட்டு வீடு வீடாக மாறிக்கொண்டிருக்கிறார். அவர் மணக்க விரும்பும் பெண்ணும் படுத்துவிட்டாள்." என் நோட்டில் இந்தக் குறிப்புக்கு நேர் கீழே, அதே பேனாவில் இன்னொரு வரி இருக்கிறது: "அக்காவுக்குக் காலையிலிருந்து ஜுரம். 103."

போன மழைக்காலத்தில் எழுதியது. எங்கள் சபையின் வாசகர் வட்டத்தில், இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்த கதையைப் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற தணிக்கைக்காரன். தேதி பார்க்காமல் எதையும் சொல்ல வராது. 1528 ஜூனில் அந்தப் பெண் செத்திருந்தால், முதல் மனைவியை விலக்கி அவளை மணக்க அனுமதி கேட்டு ராஜா போப்போடு சண்டை போட்டிருக்கவே வேண்டாம் என்பதுதான் என் பேச்சின் மையம். ஒரு காய்ச்சல் எப்படித் திரும்பியது என்பதில் ஒரு நாட்டின் மதமே தொங்கிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தவன் நானே என்பதுபோல ஒரு வாரமாகச் சந்தோஷமாக இருந்தேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் போன பிறகு, தாம்பரம் பக்கம் முடிச்சூரில் என்னோடு இருக்கிறாள். எங்களுக்கு வேறு யாரும் இல்லை.

அன்று காலை டீ போட்டவள், பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. நான் மாத்திரை கொடுத்து, ஈரத்துணி போட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மாத்திரை வேலை செய்தது. அவளுக்கு வியர்க்கத் தொடங்கியது. நெற்றி, கழுத்து, தலையணை எல்லாம் நனைந்தன. ஜுரம் விடுகிறது என்று வேறு யாராக இருந்தாலும் நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்கு அந்த வியர்வைதான் பயமாக இருந்தது.

நான் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தது அப்படி. அந்த வியர்வை நோய் 1485இல் முதலில் வந்தது. கடைசியாக 1551இல். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. ஒரு முழு நாள் தாண்டினால் பிழைத்தார்கள். நோயாளியைத் தூங்கவிட்டால் எழுந்திருக்க மாட்டார் என்று அந்தக் காலத்தில் உறுதியாக நம்பினார்கள். வீட்டார் சுற்றி உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, உலுக்கி, விழித்திருக்க வைத்தார்கள். 1551 ஜூலை 14 அன்று, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிரபுவும் அவருடைய தம்பியும் ஒரே ஊரில், ஒரே நாளில் செத்தார்கள். முதலில் மூத்தவர். தம்பி பிரபுப் பட்டத்தை வைத்திருந்தது ஒரு மணி நேரம் என்கிறார்கள். அரை மணி என்றும் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நோய் நானூற்று எழுபது வருஷத்துக்கு முன்பே போய்விட்டது, முடிச்சூருக்கு அது வந்ததே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அக்கா கண்ணை மூடியதும் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா, தூங்காதே."

"ஏன்டா?"

"சும்மா பேசிக்கிட்டிரு."

"என்னத்தைப் பேச? உடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு."

"நம்ம ஸ்கூல் பத்திச் சொல்லு."

"உன் தலை. உன் ராஜா எந்த ஊருக்கு வேணாலும் ஓடட்டும். என்னை விடு."

விடவில்லை. அவள் கண் சொருகும்போதெல்லாம் எழுப்பி, ராஜா கதையையே சொன்னேன். முதலில் திட்டினாள். பிறகு கெஞ்சினாள். மத்தியானத்துக்கு மேல் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கூப்பிட்டால் "ம்" என்றாள். பிறகு அதுவும் நின்றது. அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. அதுவரை புத்தகத்தில் இருந்த பயம்.

கீழ்வீட்டில் இருப்பவர் பம்மல் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தண்ணீர் காரணமாக வண்டி எடுக்காமல் வீட்டில் இருந்தார். நான் கூப்பிட்டதும் மேலே வந்தார்.

"இன்னா சார் இது, காலைலேர்ந்து அக்காவ எழுப்பிகினே கீற? கீழ வரைக்கும் கேக்குது."

"மயங்கிட்டாங்க போல. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மயக்கம் இல்ல சார், அசந்து தூங்குது. சரி, தூக்கு. எதுனா ஆச்சுன்னா அப்பால பேஜாரா பூடும்."

இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கி இறக்கி, அவர் ஆட்டோவில் ஏற்றினோம். வண்டி எங்கே நின்றுவிடுமோ என்று அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி திறந்திருந்தது. அக்காவின் தலை என் தோளில். மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்பதைத் தவிர வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

டாக்டர் இளம் பெண். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எப்பலேர்ந்து இப்படிச் சொக்கிப்போய் இருக்காங்க?"

"மத்தியானத்திலிருந்து."

"அதுக்கு முன்னாடி தூங்கினாங்களா?"

"இல்லை. நான் தூங்கவிடலை."

அவர் நிமிர்ந்தார். "ஏன்?"

ஏதோ படித்தேன் என்றேன்.

"இன்டர்நெட்லயா சார்? ஐயோ. டெங்கு சீசன் இது. ஜுரத்துல தானா வர்ற மயக்கம்னா சீரியஸ். தூக்கம் கெட்ட அசதின்னா பிரச்சினை இல்ல. இப்ப ரெண்டுல எதுன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?"

இருந்தேன். எத்தனை டிகிரி, எப்போது மாத்திரை, எல்லாம் நோட்டில் இருந்தது. அவர் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நானே உலுக்கி உலுக்கிக் கலைத்திருந்தேன்.

மோசமானது என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் தொடங்கினார்கள். டிரிப்ஸ் ஏறியது. ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் இறங்கியது, மறுநாள் இன்னும் இறங்கியது. கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மூத்தவருக்குப் பின் ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ இருந்த அந்தத் தம்பியைப் பற்றி நினைக்காமலிருக்க முயன்றேன். ஜெபிக்க முயன்று, பிளேட்லெட் எண்களையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. அக்கா கண் விழித்து முதலில் கேட்டது: "அந்தப் பொண்ணு பொழைச்சாளா?"

"எந்தப் பொண்ணு?"

"ராஜா கட்டிக்க நினைச்சவ. எழுப்பி எழுப்பி அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தே."

"பொழைச்சா. ராஜாவையே கட்டிக்கிட்டா. அந்த ஜுரத்துக்கு எட்டு வருஷம் கழிச்சுத் தலையை வெட்டிட்டாங்க."

"யாரு?"

"ராஜாதான்."

"அதுக்கு அப்பவே தூங்க விட்டிருக்கலாம்" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதடா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு விசாரித்தேன். வெறும் தூக்கம்தான், ஆட்டோ குலுங்கியதுகூட ஞாபகமிருக்கிறது என்கிறாள் அக்கா. ஆனால் தண்ணீருக்குள் போனதையும் நாற்காலியில் இறங்கியதையும் அவள் சொல்லவில்லை. "கொறட்டை வுட்டாங்க சார், நான் கேட்டேன்" என்கிறார் ஆட்டோக்காரர். எனக்குக் குறட்டை கேட்டதாக நினைவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பற்றி 'drowsy' என்று ஒரே ஒரு சொல்தான்; சொக்கியிருந்தார் என்று அர்த்தம், அது இரண்டுக்கும் பொருந்தும். அன்று மத்தியானம் அக்கா தூங்கினாளா, நினைவிழந்தாளா என்பதை என்னால் இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.