கோடு போடாத ஸ்பேனர்

வெல்கோவுக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் முதலில் தன் முள்கரண்டியைத் துடைப்பார், பிறகு பக்கத்தில் இருப்பவருடையதையும் பிடுங்கித் துடைப்பார், அப்புறம் மேசைக்கால் ஏன் ஆடுகிறது என்று குனிந்து பார்ப்பார். மனைவி ருமியானா அவர் இடது கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் சாப்பிடவே தொடங்குவாள். தோப்ரிச் ஊருக்குக் கிழக்கே, கூட்டுப் பண்ணையின் மருந்து தெளிக்கும் விமானத்துக்குப் பதினேழு வருஷம் மெக்கானிக்காக இருந்த மனுஷர். அதற்கு முன்னால் டிராக்டர் நிலையத்தில் ஒன்பது வருஷம். இந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் பெட்டிக்குள் ஒரு ஸ்பேனர் அழுக்கோடு போனது ஒரே ஒரு நாள்தான். என்ன பிரயோஜனம், ஊர் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒரு நாளைத்தானே.

பெட்டியைச் சொல்ல வேண்டும். மரப்பெட்டி, மூடிக்குத் தகரம். உள்ளே பழைய ராணுவக் கோட்டின் கம்பளியைப் பல மடிப்பாக ஒட்டி, ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்திலேயே குழி வெட்டியிருந்தார். இருபத்தெட்டு சாமான், இருபத்தெட்டு குழி. எல்லாவற்றின் கழுத்திலும் அவர் அடையாளமாக அரத்தால் கீறிய இரண்டு கோடு. வேலை முடிந்ததும் பெட்ரோலில் முக்கி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் கோடு தெரிகிறதா என்று பார்த்து, அதன் குழியில் வைப்பார். கடைசிக் குழி நிரம்பின பிறகுதான் பதிவேட்டில் தன் முத்திரையைக் குத்துவார். முத்திரை விழாமல் விமானம் கிளம்பக்கூடாது, அதுதான் சட்டம்.

துடைக்கிற துணி ருமியானா கொடுத்துவிடுவது. கிழிந்துபோன படுக்கை விரிப்புகளைத் துவைத்து, முழ அளவில் கிழித்து அனுப்புவாள். "வீட்டுல ஒரு விரிப்பு கொஞ்சம் இத்துப்போயிடக் கூடாது, உடனே உங்க கண்ணு அது மேலதான்" என்று சலித்துக்கொள்வாள். ஆனால் அனுப்பாமல் இருந்ததில்லை.

விமானத்தை ஓட்டியவன் ராங்கெல், ருமியானாவின் கூடப்பிறந்த தம்பி. நாற்பதை நெருங்குகிறவன், வாய் மட்டும் பதினெட்டில் நின்றுவிட்டது. கையில் எது அகப்பட்டாலும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பழக்கம் வேறு. அடுத்தவர் தீப்பெட்டி, பேனா, சாவி, எதுவும் தப்பாது. தினமும் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மேலே இருந்து கத்துவான்.

"என்ன அத்தான், பிள்ளைகளைக் குளிப்பாட்டியாச்சா?"

"ஆச்சு மச்சான். நீ ஒருத்தன்தான் பாக்கி, இறங்கி வா" என்பார் வெல்கோ. மூட்டை ஏற்றும் ஜெமால் தினமும் இதற்குச் சிரிப்பான். பதினோரு வருஷமாக அதே பேச்சு, அதே சிரிப்பு.

அன்றைக்கு ஜூன் மாதம், கோதுமையில் பூச்சி. ஒன்பது மணிக்குக் கடல் பக்கமிருந்து காற்று எழும்பிவிடும், அதற்குப் பிறகு தெளித்தால் மருந்து பக்கத்து ஊர்த் திராட்சைத் தோட்டத்தில்தான் போய் விழும். அதனால் விடியலிலேயே கிளம்ப வேண்டும். வெல்கோ வழக்கம்போல விமானத்தைச் சுற்றி வந்து, வாலிலிருக்கும் பின்சிறகைக் கையால் ஆட்டிப் பார்த்தார். வாலுக்குள் ஏதோ கிரீச் என்றது. உள்ளே தவழ்ந்து போய்ப் பார்த்தால், பின்சிறகை ஆட்டும் கம்பி ஓடுகிற உருளை தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாற்றியே ஆக வேண்டும்.

அந்த உருளையைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு இரண்டு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருக வேண்டும். வெல்கோவிடம் இருந்தது ஒன்று. ராங்கெல் தன் மோட்டார் சைக்கிள் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து வந்து நீட்டினான். இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு, அச்சு அசல் ஒன்றுதான். ராங்கெலே உள்ளே படுத்துப் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டான், வெல்கோ திருகினார். இடையில் இரண்டு முறை தொலைபேசி அடித்தது. பண்ணையின் தலைமை வேளாண் அதிகாரி. இன்னும் கிளம்பவில்லையா, காற்று உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்குமா என்று மில்காவைப் பிடித்துக் காய்ச்சினார். மில்காதான் அங்கே ரேடியோவுக்கும் தொலைபேசிக்கும் பதிவேட்டுக்கும் பொறுப்பு.

வெல்கோ வெளியே வந்தபோது கையெல்லாம் கிரீஸ். ராங்கெல் ஓட்டும் இடத்தில் ஏறி, பின்சிறகை மேலும் கீழும் முழுக்க ஆட்டிக் காட்டினான். தடங்கலில்லாமல் ஆடியது. தொலைபேசி மூன்றாவது முறை அடித்தது. வெல்கோ சாமான்களை அப்படியே அழுக்கோடு குழிகளில் போட்டார். இருபத்தெட்டு குழியும் நிரம்பியது. வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று முத்திரையைக் குத்தினார். ராங்கெல் வழக்கமான கேள்வியைக் கேட்டான். "ஆச்சு, ஆச்சு, கிளம்பு" என்றார். விமானம் ஆறு பத்துக்கு எழும்பியது.

அடுத்த சுமைக்கு அது திரும்பி வர அரை மணி நேரம். வெல்கோ பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துடைக்க உட்கார்ந்தார். நான்காவதாகக் கையில் வந்தது பத்தாம் நம்பர். துடைத்தார், வெளிச்சத்தில் திருப்பினார். கோடு இல்லை. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபக்கம் திருப்பினார். வழவழவென்று இருந்தது.

எழுந்து மோட்டார் சைக்கிளிடம் ஓடிப் பையைக் கவிழ்த்தார். பிளக் கழற்றும் சாவி, ஒரு திருப்புளி, பாதி தின்ற சூரியகாந்தி விதைப் பொட்டலம். பத்தாம் நம்பர் இல்லை. அப்படியென்றால் தன் குழியில் இருப்பது ராங்கெலின் ஸ்பேனர். தன்னுடையது ராங்கெலின் பாக்கெட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாலுக்குள் கிடக்க வேண்டும். வாலுக்குள் என்றால் கம்பிக்குப் பக்கத்தில். தரையில் ஆட்டிப் பார்த்தபோது ஒதுங்கிக் கிடந்தது, மேலே அதிர்வில் நகர்ந்து நகர்ந்து எங்கே போய் மாட்டுமோ. விமானத்தை இறக்கும்போது மூக்கைத் தூக்க, பின்சிறகை ஆட்டும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாக வேண்டும். அது பாதியில் நின்றுபோனால் மூக்கு தரையில் குத்தும்.

"மில்கா, அவனைக் கூப்பிடு."

மில்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். "காதுல மாட்டறதைக் கழட்டி ஆணியில தொங்க விட்டிருப்பாருண்ணே. அந்த அதிகாரி ரேடியோவுலயும் வந்து கத்தறாருல்ல" என்றாள்.

"கூப்பிட்டுக்கிட்டே இரு."

வெல்கோ வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். ஓடுதளத்தில் வெள்ளைச் சிலுவை விரித்தால் இறங்காதே என்று அர்த்தம், ராங்கெலுக்கு அது தெரியும். ஆனால் சிலுவை விரித்தால் மில்கா பதிவேட்டில் எழுத வேண்டும், மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருவான், முத்திரை போகும். ஸ்பேனர் அந்தத் தடியன் பாக்கெட்டில் சுகமாகப் படுத்திருந்தால், பதினேழு வருஷ மானத்தை வெறும் பாக்கெட்டுக்காகக் கப்பலேற்றியதாக ஆகும்.

"பாக்கெட்லதான் இருக்கும்ணே" என்றான் ஜெமால். "போன வாரம் என் பீங்கான் கோப்பையவே எடுத்துட்டுப் போயிட்டாரு. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது."

வெல்கோவுக்கும் அதை நம்பத்தான் ஆசை. நம்பிவிட்டு உட்காரப் பார்த்தார். உட்கார முடியவில்லை. கோடு போடாத ஸ்பேனரைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அப்போது தெற்கே எஞ்சின் சத்தம் கேட்டது.

அவர் துணி மூட்டையைப் பிரித்தார். நல்லவேளை, ருமியானாவுக்கு அந்த வாரம் நேரமில்லை. "நீங்களே கிழிச்சுக்குங்க" என்று இரண்டு விரிப்பை முழுசாகவே கொடுத்துவிட்டிருந்தாள். "ஜெமால், அந்த முனையைப் பிடி" என்று கத்திக்கொண்டே ஓடினார். இரண்டு பேரும் புல்தரையில் இரண்டு விரிப்பையும் நீளவாக்கில் மடித்துக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து, ஓரத்தில் மருந்து மூட்டைகளை இழுத்து வைத்தார்கள்.

விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வெல்கோவுக்கு உறைத்தது. சிலுவையைப் பார்த்தால் மறுபடி மேலே ஏறுவான், ஏறுவதற்கும் ஸ்டிக்கை இழுப்பான். தானே அவனை இழுக்க வைத்துவிட்டோமே என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாடா, மெதுவா" என்று முணுமுணுத்தார். எஞ்சின் உறுமியது. விமானம் அவர்கள் தலைக்கு மேலே கடந்து, சோம்பலாக, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, இடது பக்கம் திரும்பியது.

வெல்கோ அறைக்கு ஓடி வருவதற்குள் ரேடியோவில் குரல் வந்துவிட்டது. "என்ன மில்கா, எங்க அத்தான் ஓடுதளத்துல துணி காயப்போட ஆரம்பிச்சுட்டாரா?"

வெல்கோ ஒலிவாங்கியைப் பிடுங்கினார். "ராங்கெல், உன் பாக்கெட்டுல பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா பாரு."

"எதுக்கு?"

"பாருடா."

கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. "சிகரெட்டு இருக்கு. மில்காவோட பேனா இருக்கு. ஸ்பேனர் இல்ல அத்தான்."

"அப்ப அது வாலுக்குள்ள கிடக்கு. நான்தான் விட்டுட்டேன். துடைக்காம எண்ணிட்டேன். என் தப்பு."

பிறகு ராங்கெல் பேசினான், கேலி எல்லாம் குரலிலிருந்து போயிருந்தது. "நான் இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க."

"தொட்டியில மிச்சம் இருந்தா தரிசு மேல கொட்டிடு. ரொம்ப தூரத்துலேருந்தே தணிஞ்சு வா. ஸ்டிக்கைக் கால்வாசிக்கு மேல பின்னால இழுக்காதே. முன் சக்கரம் ரெண்டும் முதல்ல படட்டும், வால் தானா இறங்கும். தளம் பத்தாது, சூரியகாந்திக்குள்ள போவே. போகட்டும்."

"அதிகாரி சூரியகாந்திக்கு என் தோலை உரிப்பாரு."

"உன் தோலு முதல்ல கீழ வந்து சேரட்டும்" என்றார் வெல்கோ.

விரிப்பை எடுத்தார்கள். விமானம் மூக்கைத் தூக்காமல், வேகமாக வந்தது. சக்கரம் பட்டது, ஒரு முறை எகிறியது, மறுபடி பட்டது, ஓடுதளம் முழுவதும் ஓடி, இடுப்பளவு சூரியகாந்திக்குள் நுழைந்து நாற்பது அடி போய் நின்றது. வெல்கோ ராங்கெலைக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வாலுக்குள் தவழ்ந்தார். ஸ்பேனர், கம்பி இழுக்கும் இரும்புக் கையின் பின்னால், சட்டத்தோடு சாய்ந்து நின்றது. இரும்புக் கை அதை ஏற்கெனவே ஒரு முறை தொட்டுவிட்டிருந்தது, பளிச்சென்று கீறல் தெரிந்தது. இன்னும் இரண்டு விரல் அகலம் வந்திருந்தால் முடிந்தது கதை.

அவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். ராங்கெல் வாங்கிப் பார்த்தான், கீறலை விரலால் தடவினான், பக்கத்திலேயே உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள்.

அறையில் மில்கா பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாள். "என்னண்ணே எழுதறது?"

"காத்துல விரிப்பு பறந்து வந்து தளத்துல விழுந்துச்சுன்னு எழுது" என்றான் ராங்கெல். "ஆளு முழுசா வந்தாச்சு, மிஷினு முழுசா வந்தாச்சு. எவனுக்கு என்ன?"

வெல்கோ அவன் பாக்கெட்டில் கையை விட்டு மில்காவின் பேனாவை எடுத்தார். சாமான்களைத் துடைக்காமல் எண்ணி, முத்திரை குத்தினேன் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முத்திரை போயிற்று. வர்ணாவிலிருந்து வேறொரு மெக்கானிக் வந்தான். வெல்கோ கோடை முழுவதும் மருந்துக் குழாய்களைக் கழுவினார், கிழிந்த சாக்குகளைத் தைத்தார். அதுகூட அவருக்கு வலிக்கவில்லை. அன்று வீட்டில் ருமியானா கேட்டதுதான் வலித்தது. "என் விரிப்பை விரிச்சு என் தம்பியைக் காப்பாத்தினீங்க, சரி. அவனை அந்த நிலைமையில ஏத்திவிட்டது யாரு?" பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. ஆனால் வாரா வாரம் துணி மட்டும் மேசை மேல் இருந்தது, குழாய் துடைக்கிறவருக்கு எதற்கு அவ்வளவு துணி என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அக்டோபரில் முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, விதைத்திருந்த கோதுமைக்கு உரம் தூவ வேண்டும், தலைமை அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று அப்போதே புல்லை அசைக்கத் தொடங்கியிருந்தது. வெல்கோ எஞ்சினில் ஒரு குழாய் இணைப்பை இறுக்கி முடித்து, பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பெட்டியில் இப்போது இருபத்தொன்பது குழி. ராங்கெல் தன் பத்தாம் நம்பரை அவருக்கே கொடுத்துவிட்டிருந்தான். "கோடு போட்டு வச்சுக்குங்க, எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

ராங்கெல் மேலே ஏறி உட்கார்ந்தான். ரேடியோவைக் காதில் மாட்டினான். எஞ்சினைக் கிளப்பவில்லை.

"அத்தான், பிள்ளைகளைக் குளிப்பாட்டியாச்சா?"

ஜெமால் சிரிக்கத் தயாராகி, ராங்கெல் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். வெல்கோ குனிந்து குழிகளைப் பார்த்தார்.

"இல்ல மச்சான். இன்னும் ஒண்ணு பாக்கி."

"மணி என்ன ஆகுது?" என்றார் அதிகாரி. "காத்து வந்துடுச்சு, ஒரு ஸ்பேனருக்காகவா நிக்கிறீங்க?"

"ஆமா சார்" என்றான் ராங்கெல். சாவியிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

வெல்கோ அந்தப் பத்தாம் நம்பரைப் பெட்ரோலில் முக்கி எடுத்தார். ருமியானாவின் துணியால் ஒரு முறை துடைத்தார், திருப்பி இன்னொரு முறை துடைத்தார். வெயிலில் பிடித்து, இரண்டு கோடும் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் ராங்கெல் மேலே காத்திருந்தான்.